பிள்ளைகளைத் தாண்டிப் போகும் டார்ச் வெளிச்சம்

1

இந்தக் கதை என்னுடையதல்ல, வீட்டுக்காரம்மாவிடம் சுட்டது. அஜந்தா குகைகளுக்குப் பக்கத்து ஊரான ஃபர்தாபூரில் பன்னிரண்டு வருடமாக நான் குடியிருக்கும் வீட்டின் சொந்தக்காரர் யஷ்வந்த் இங்ளே, அஜந்தாவில் வழிகாட்டி. அவர் மனைவி விமலக்கா சோள ரொட்டி தட்டிக்கொண்டே சொன்னதைத்தான் எழுதுகிறேன்.

பதினேழாம் குகையின் ஆழ்ந்த மௌனத்தில், இளவரசன் விஸ்வந்தரன்...

(சுற்றுலாக் கையேடு மாதிரி இருக்கிறது. அடித்துவிட்டேன்.)

2

புத்தரின் முற்பிறவிக் கதையில் வரும் இளவரசன் விஸ்வந்தரன், யார் எதைக் கேட்டாலும் கொடுப்பவன். நாடுகடத்தப்பட்டுக் காட்டில் இருந்தபோது ஒரு கிழவன் கேட்டதும் பெற்ற பிள்ளைகள் இரண்டையும் கொடுத்துவிட்டான். பிறகு அரண்மனையில் தாத்தா அவர்களை மீட்கிறார். பதினேழாம் குகைச் சுவரில் ஓவியர்கள் இதை நடந்த வரிசையில் வரையவில்லை, நடந்த இடத்தின்படி வரைந்திருக்கிறார்கள். வரிசை புரிய வழிகாட்டியின் டார்ச் வேண்டும்.

யஷ்வந்தின் டார்ச் பிள்ளைகளைக் கொடுக்கும் இடத்தில் மட்டும் நிற்காது. காட்டிலிருந்து நேரே அரண்மனைக்கு ஓடிவிடும். ஏனென்றால்...

(மூன்று முறை எழுதி நிறுத்தினேன்.)

ஏனென்றால் பிள்ளையில்லாத தம்பி கேட்டான் என்று, ஆறு மாதப் பெண் குழந்தையை அவரும் கொடுத்தவர். விமலக்கா அப்போது பருத்திக் காட்டில் இருந்தார். அவரை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

3

அந்தக் குழந்தை பிரணாலி, போன மாதம் நாசிக்கிலிருந்து கல்லூரிச் சுற்றுலாவில் வந்தாள். அவளுக்கு யஷ்வந்த் பெரியப்பா, அவ்வளவுதான் தெரியும். அவளைப் பார்க்க விமலக்காவும் குகைக்கே வந்துவிட்டார்.

"பெரியப்பா, நடுவுல எதையோ முழுங்கிட்டீங்களே. பிள்ளைங்க எப்படி அந்தக் கிழவன்கிட்ட போச்சு?"

"அவங்க அப்பா கொடுத்துட்டார்மா."

"அம்மா எங்க போனாங்க?"

"பழம் பறிக்கப் போயிருந்தாங்க."

"திரும்பி வந்து சண்டை போடலியா?"

யஷ்வந்த் டார்ச்சை அணைத்துவிட்டார். பின்னாலிருந்து விமலக்கா சொன்னார்: "போட்டா. கேக்கத்தான் ஆளில்ல."

பிரணாலி சிரித்தாள். படத்தைப் பற்றிய பேச்சு என்றுதான் நினைத்தாள். மூன்று மணிக்குப் பஸ் ஏறிப் போய்விட்டாள்.

4

"தம்பிக்கு வாக்குக் கொடுத்திருக்கேன், சார். அவ பஸ் ஏறினதோட கதைய முடிச்சிடுங்க," என்கிறார் யஷ்வந்த்.

"இவரு வாக்குக் குடுப்பாரு, பிள்ளையும் குடுப்பாரு," என்கிறார் விமலக்கா. "நீ உள்ளத எழுது தம்பி. அவ ஒருநாள் படிப்பா."

நான் பயந்தாங்கொள்ளி. இரண்டு பேர் கையாலும் சாப்பிட்டிருக்கிறேன். அதனால்தான் பிரணாலிக்குப் படிக்கத் தெரியாத தமிழில் எழுதியிருக்கிறேன்.

ஆனால் உங்களில் யாருக்காவது மராத்தி தெரிந்திருக்கும். யாராவது நாசிக்கில் இருப்பீர்கள். அவளிடம் சொல்வதா, கதை முடிந்தது என்று பக்கத்தை மூடுவதா என்பது இனி உங்கள் பாடு.

விமலக்கா கேட்டுக்கொண்டதால், பெயர்களை மட்டும் நான் மாற்றவில்லை.