நிலைக்கு வராத ஊர்

எங்கள் பள்ளத்தாக்குக்குச் சைக்கிள் சுற்றுலா வருகிறவர்கள் இருந்த இடத்தைவிட்டு நகர்வதில்லை. அவர்கள் மிதிப்பார்கள். ஊரை நாங்கள் இழுப்போம்.

இதில் ஒளிவுமறைவு ஒன்றும் கிடையாது. வண்டி வாகனத் தொந்தரவே இல்லாமல் திராட்சைத் தோட்டங்களையும் பழைய ஊர்களையும் சைக்கிளில் சுற்றிப் பார்க்கலாம் என்று நிறுவனம் விளம்பரம் செய்துவிட்டது. எங்கள் சாலையிலோ தக்காளி லாரியும், ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப்போகும் ஜீப்பும் யாருக்கும் நிற்காது. லாரிகளை நிறுத்த முடியவில்லை என்பதால் சைக்கிள்களை நிறுத்தினார்கள். ரேஷன் கடைக்கு எதிரே உள்ள பொட்டலில் அவற்றை வரிசையாக ஸ்டாண்டு போட்டு, விருந்தாளிகளை ஏற்றி, விழுந்துவிடாமல் இருக்கக் கால்களைப் பெடலோடு வாரால் கட்டினார்கள். பொட்டலில் ஒரு வண்டியும் வராது. இனி ஊர்தான் அவர்களிடம் வர வேண்டும்.

அந்த வேலை எங்கள் மாலையன்பட்டிக்குக் கிடைத்தது. சித்திரையில் தேர் இழுத்துப் பழகியவர்கள் நாங்கள். தேரை இழுக்கிறவனுக்கு ஊரை இழுப்பது பெரிய காரியமில்லை, சாமி இல்லாததால் எடை சற்றுக் குறைவு. பெருமாள் கோயில், இடிந்த ஜமீன் மாளிகை, கல்மண்டபம், தெருக்கள், அவற்றைச் சுற்றியிருக்கும் பன்னீர்த் திராட்சைப் பந்தல்கள் என்று எல்லாவற்றையும் ஒரே வடத்தில் பிணைத்தோம். ரேஷன் கடையை மட்டும் விட்டுவிட்டோம். அது போன ஆட்சியில் கட்டியது, அதில் பார்க்க ஒன்றும் இல்லை என்று மேலாளர் பிரதீபன் சொன்னார். அதற்குள் அரிசி இருந்ததை யாரும் அவரிடம் சொல்லவில்லை.

முட்டுக்கட்டை என் பொறுப்பு. தேர் ஓடும்போது சக்கரத்தடியில் கட்டையைக் கொடுத்து அதைத் திருப்புவதும் நிறுத்துவதும் எங்கள் வீட்டு உரிமை. என் அப்பாவுக்குப் பிறகு அது எனக்கு வந்தது. வேறு எவன் கட்டையைத் தொட்டாலும் கை விளங்காமல் போய்விடும் என்பது ஊர் நம்பிக்கை, அதை நாங்களும் கலைக்கவில்லை. ஊருக்குச் சக்கரம் கிடையாது என்றாலும் கட்டை கொடுக்க வேண்டிய இடம் எனக்குத் தெரியும். விருந்தாளி பிரேக் பிடித்தால் நான் கட்டை கொடுப்பேன். ஊர் நிற்கும். அவர் படம் எடுத்துக்கொள்வார். பிரேக் பிடிக்காத இடத்தில் கட்டை கொடுக்கக் கூடாது, அது கண்டிப்பான விதி.

ஆண்கள் வடத்தில் நின்றோம். பெண்கள் ஊரோடு போனார்கள். வடம் பிடித்தவன் தேரில் ஏறக் கூடாது என்பது எங்கள் வழக்கம், ஊருக்கும் அதுவே பொருந்தும் என்று கோயில் வாசலில் கூடிப் பேசி முடிவு செய்துகொண்டோம். வடத்தை அவிழ்த்துவிட்டால் ஏறலாம். ஊர் நிலைக்கு, அதாவது புறப்பட்ட இடத்துக்கே, திரும்பி வந்தால்தான் வடத்தை அவிழ்க்கலாம்.

பெண்களுக்கும் ஆளுக்கொரு வேலை கொடுத்திருந்தார்கள். என் மனைவி பவுன்தாய் எங்கள் தோட்டத்துப் பந்தலடியில் ஒரு கொத்துத் திராட்சையோடு நின்று, விருந்தாளி கடக்கும்போது, "வாங்க வாங்க, எந்த ஊருங்க நீங்க?" என்று கேட்க வேண்டும். அவர் எந்த ஊரைச் சொன்னாலும், "அப்படியா? நல்லாப் பாத்துட்டுப் போங்க" என்று சொல்ல வேண்டும். காலையில் மேற்கே போகும் ஊரை மாலையில் திருப்பி இழுத்து நிலையில் விடுவோம். நான் வடத்தை அவிழ்த்துவிட்டு வீட்டுக்குப் போனால் வாசலிலேயே அவள் மறித்துக்கொள்வாள்.

"வாங்க வாங்க, எந்த ஊருங்க நீங்க?"

"பசிக்கிற ஊரு. சோத்தப் போடு."

"அப்படியா? நல்லாப் பாத்துட்டுப் போங்க" என்று சொல்லிவிட்டு, அடக்க முடியாமல் சிரிப்பாள். தினமும் அதே கேள்வி, அதே பதில்தான். தினமும் சிரிப்பாள். அந்தச் சிரிப்புக்காகத்தான் நான் வீட்டுக்குப் போனேன் என்று இப்போது சொல்வதில் எனக்கு வெட்கமில்லை.

பார்த்த ஊரையே மாலையில் திரும்பவும் பார்ப்பது சலிப்பாக இருக்கிறது என்று விருந்தாளிகள் குறைப்பட்டார்கள். நிறுவனம் ஒருவழிச் சுற்றுலாவாக மாற்றியது. ஊரை மேற்கே மட்டும் இழுக்க வேண்டும். எங்கள் எல்லை முடிந்ததும், நிறுவனம் அடுத்து அமைத்திருக்கும் பொட்டல்காரர்கள் வடத்தை வாங்கிக்கொள்வார்கள். எல்லைக்கு அப்பால் வடம் தொட எங்களுக்கு உரிமை கிடையாது. எங்கள் ஊரை நாங்களே இழுத்து, முறைப்படி அவர்கள் கையில் கொடுத்தோம். பந்தலடியில் பவுன்தாய் கொத்தோடு போனாள். பழம் பறிக்கிற பக்குவத்தில் இருந்தது. வியாபாரியின் வண்டி வந்து, தோட்டம் இல்லாத இடத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனது.

நாங்கள் மேலாளரிடம் போனோம். பிரதீபன் மதுரைக்காரர், மரியாதையானவர். பேச்சில் தேன் ஒழுகும், கைநீட்டிப் பிடித்தால் ஒன்றும் இருக்காது.

"ஊரு நிலைக்கு வரணும்னு பேசித்தானங்க வேலைக்கு ஒத்துக்கிட்டோம்?" என்றேன்.

"நான் மறுக்கவே இல்லையேண்ணே. நிலை எதுன்னு ஒரு கல்லு நட்டுக் காட்டச் சொன்னேன். நீங்களும் நட்டீங்க."

நட்டோம். மஞ்சள் பூசி, மாலை போட்டு, தேங்காய் உடைத்து, நல்ல நேரத்தில்தான் நிலைக்கல்லை நட்டோம். கோயில் வாசலில் நட்டோம். தேரின் நிலைக்கல் அங்கேதான் இருக்கிறது, அதனால் ஊரின் நிலைக்கல்லையும் பக்கத்திலேயே வைத்தோம். கோயில் ஊரோடு போயிருந்தது. பிரதீபன் தொலைநோக்கியை என்னிடம் கொடுத்தார். மேற்கு மலையடிவாரத்தில் எங்கள் ஊர் சின்னதாகத் தெரிந்தது. கோயில் வாசலில் கல் அசையாமல் இருந்தது.

"கல்லுகிட்டதானே ஊரு நிக்குது? ஒரு அடி தள்ளியிருந்தாலும் சொல்லுங்க, நானே இழுத்துத் தர்றேன்."

ஆளுக்கொரு தடவை பார்த்தோம். ஊர் கல்லைவிட்டு ஒரு அங்குலம்கூடத் தள்ளியிருக்கவில்லை. எங்கள் வாயை எங்கள் தேங்காயாலேயே அடைத்துவிட்டார். நியாயம் அவர் பக்கம் இருந்ததால் தொலைநோக்கியைத் துடைத்துக் கொடுத்துவிட்டு வந்தோம்.

அதற்குப் பிறகு ரேஷன் கடையை ஒட்டித் தகரக் கொட்டகை போட்டு ஆண்கள் எல்லோரும் அதில் தங்கினோம். கிழக்கிலிருந்து வேறு வேறு ஊர்கள் வந்தன. அவற்றை இழுத்தோம். கொய்யாத் தோப்போடு ஓர் ஊர் வந்தது, கோட்டைச் சுவரோடு ஓர் ஊர் வந்தது. எல்லா ஊரிலும் ஒரு பெண் பழத்தோடு நின்று, எந்த ஊர் என்று கேட்டாள். வடம் பிடிக்கிறவர்களிடம் யாரும் கேட்பதில்லை. பவுன்தாயின் செல்போனுக்கு முதலில் லைன் கிடைத்தது, பிறகு கிடைக்கவில்லை. கோபத்தில் என் போனைத் தரையில் அடித்தேன். அது உடையாமல் கிடந்தது எனக்கு இன்னும் கோபத்தைக் கிளப்பியது.

சுற்றுலா என்றால் சுற்றித்தானே ஆக வேண்டும். பள்ளத்தாக்கை ஒரு வட்டம் அடித்து மாலையன்பட்டி கிழக்கு வழியாக வரப்போகிறது என்று தை மாதத்தில் செய்தி வந்தது. எல்லோரும் முகச்சவரம் செய்துகொண்டார்கள். எனக்கு மட்டும் கவலையாக இருந்தது. என் வீட்டுக்கு எதிரே எந்த விருந்தாளியும் பிரேக் பிடித்ததில்லை. சிமெண்டு ஷீட் போட்ட வீட்டை யார் படம் எடுப்பார்? பிரேக் பிடிக்காமல் நான் கட்டை கொடுக்க முடியாது. கட்டை கொடுக்காமல் ஊர் நிற்காது. கண்ணெதிரே வந்துவிட்டுப் போய்விடுவாள்.

ஆகவே நானே விருந்தாளியாகப் போய், என் வீட்டெதிரே பிரேக் பிடிப்பதென்று முடிவு செய்தேன். ஊர் நின்றதும் பவுன்தாய் இறங்கி வந்துவிடலாம். அவள் இறங்கக் கூடாது என்று எந்த விதியும் சொல்லவில்லை. கட்டையைக் கொடுக்க மட்டும் ஓர் ஆள் வேண்டும். வடத்தில் எனக்குப் பக்கத்தில் நிற்கும் ஜெயமணியிடம் கேட்டேன்.

"அண்ணே, உசுரக் கேளுங்க, குடுக்குறேன். கட்டையத் தொடச் சொல்லாதீங்க. கை போச்சுன்னா வடத்த எதுல பிடிப்பேன்?"

"நான்தான சொல்றேன், ஒண்ணும் ஆகாதுடா."

"உரிமைய மாத்தணும்னா கோயில் வாசல்ல வச்சுத்தாண்ணே மாத்தணும்."

கோயில் ஊரில் இருந்தது. ஊர் நின்றால்தான் கோயில் வாசலுக்குப் போகலாம். ஜெயமணி சொன்னதில் தப்பில்லை. எங்கள் பாட்டன் பூட்டன் ஊதிவிட்ட பயம்தான் அவனிடம் பேசியது. கட்டையைக் கொட்டகையில் வைத்தால் யாராவது அடுப்பெரித்துவிடுவார்கள் என்று அதையும் எடுத்துக்கொண்டு போய்ச் சைக்கிளில் ஏறினேன். என் கால்களைப் பெடலோடு கட்டினார்கள். குல்லாய் ஒன்றும் தண்ணீர் பாட்டிலும் கொடுத்தார்கள். கட்டையை ஹாண்டில்பாரில் குறுக்காக வைத்துக்கொண்டு மிதித்தேன்.

எங்கள் ஊர் வந்தது. சைக்கிளிலிருந்து பார்க்க நன்றாகத்தான் இருந்தது, அதை ஒத்துக்கொள்ள வேண்டும். கல்மண்டபம் வந்தது. கோயிலும் நிலைக்கல்லும் வந்தன. கல்லில் மாலை காய்ந்திருந்தது. பிறகு எங்கள் வீட்டை ஒட்டிய தோட்டம் வந்தது. பறிக்காமல் விட்ட பழமெல்லாம் கொடியிலேயே கறுத்துச் சுருங்கியிருந்தது. பந்தலடியில் பவுன்தாய் ஒரு கொத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இளைத்துவிட்டாள்.

நான் பிரேக் பிடித்தேன். இரண்டு கையாலும் பிடித்தேன். சைக்கிளின் சக்கரம் நின்றது. கட்டை என் முன்னால் இருந்தது. ஊர் நகர்ந்துகொண்டிருந்தது.

"கட்டை குடுங்கடா! யாராச்சும் குடுங்கடா!" என்று கத்தினேன். வடம் பிடித்தவர்கள் என் கட்டையைப் பார்த்தார்கள், தங்கள் கைகளைப் பார்த்துக்கொண்டார்கள், இழுத்தார்கள்.

பவுன்தாய் எனக்கு நேரே வந்தாள்.

"வாங்க வாங்க, எந்த ஊருங்க நீங்க?"

எனக்கு உயிர் வந்தது. "பசிக்கிற ஊரு. சோத்தப் போடு" என்றேன்.

"அப்படியா? நல்லாப் பாத்துட்டுப் போங்க."

அவள் சிரிப்பதற்காகக் காத்திருந்தேன். திராட்சைக் கொத்தை என் கையில் கொடுத்துவிட்டு, எனக்கு அடுத்த சைக்கிளில் இருந்தவரைப் பார்த்து, "வாங்க வாங்க, எந்த ஊருங்க நீங்க?" என்றாள். அவர் பெங்களூர் என்றார். "அப்படியா?" என்றாள், என்னிடம் கேட்ட அதே குரலில்.

வீடு போனது. எங்கள் வீட்டுக்கொடியில் என் சட்டை ஒன்று காய்ந்துகொண்டிருந்தது, அதுவும் போனது. ஊரின் வாலில் ரேஷன் கடை வந்தது. காலையிலிருந்து அதுவும் பழைய காலத்துக் கட்டடம் ஆகிவிட்டதாகவும், சற்று முன்புதான் வடத்தில் பிணைத்ததாகவும் பிரதீபன் ஒலிபெருக்கியில் அறிவித்தார். அதை ஒட்டியிருந்த எங்கள் தகரக் கொட்டகையும், அதற்குள் என் பாயும் தலையணையும் வரிசையாக என்னைக் கடந்து எல்லைக்குப் போயின. விருந்தாளிகள் படம் எடுத்தார்கள்.

மாலையில் கால்வாரை அவிழ்க்க வந்த பிரதீபன் என்னைப் பார்த்துக் கொஞ்சம் யோசித்தார். "எறங்கி எங்கண்ணே போகப்போறீங்க?" என்று கேட்டுவிட்டு, அவிழ்க்காமல் போனார். அது சரியான கேள்விதான்.

மறுநாள் கிராம நிர்வாக அலுவலர் வந்தார். இந்தப் பள்ளத்தாக்கில் நகராமல் இருப்பது சைக்கிள் ஒன்றுதான் என்பதால் அதையே என் நிரந்தர முகவரியாக எழுதிக்கொண்டார். காற்று மட்டும் அவ்வப்போது அடித்துக்கொள்ள வேண்டும் என்றார்.