அன்னம்மா கொட்டகையில் மின்சாரம்

சிராங்கூன் சாலையில் யார் வீட்டில் என்ன குழம்பு என்பது, அடுப்பில் சட்டி ஏறுவதற்கு முன்பே தெருவுக்குத் தெரிந்துவிடும். அப்படியிருக்க, துணிக்கடை காதர் மைதீனின் அக்காள் மகன் அப்துல் அலீம் வைத்தியப் பள்ளியில் சேர்ந்த செய்தி எத்தனை நாள் ஒளிந்திருக்கும்? பள்ளி புதிது, கட்டடம் பழையது. முன்பு அங்கே புத்தி பேதலித்த பெண்களை வைத்திருந்தார்கள். "ஆள்தான் மாறியிருக்கு, இடம் அதேதான்" என்று பக்கத்துக் கடை தட்டார் மருதப்பன் சொன்னது சந்தை வரை போய், இன்னும் இரண்டு சொல்லைச் சேர்த்துக்கொண்டு திரும்பி வந்தது.

அலீமுக்கு அது காதில் விழாமல் இல்லை. விழுந்ததை உதறிவிட்டுப் போகும் பழக்கம் இருந்தது, அவ்வளவுதான்.

முதல் வருஷத்தில் எல்லோரும் பௌதிகம் படித்தாக வேண்டும். மற்ற பிள்ளைகள் சுங்கச் சாவடியைக் கடப்பதுபோல அதைக் கடந்து, நாடி பிடிக்கும் பக்கம் ஓடினார்கள். அலீம் சாவடியிலேயே பாயை விரித்துவிட்டான். காந்தம், கண்ணாடி வில்லை, பித்தளைக் குண்டு என்று எதைப் பார்த்தாலும் அவன் கை ஊறியது. பௌதிகம் சொல்லிக்கொடுத்த துரை இதைக் கவனித்திருக்க வேண்டும். நீண்ட விடுமுறைக்கு ஒரு மாணவனைப் பௌதிக அறையில் உதவிக்கு வைத்துக்கொள்ளப் போவதாக அவர் அறிவித்தபோது, பார்வை அலீம் பக்கம்தான் வந்தது. ஆனால் சும்மா கொடுக்கிற ஆளா அவர்? அந்த வேலையைக் கேட்டவர்கள் அலீமோடு மூன்று பேர். மூன்று பேரும் அவரவர் ஜனங்களிடம் போய், அவரவர் பாஷையில் ஒரு பரிசோதனையைச் செய்து காட்ட வேண்டும் என்றார்.

"கைதட்டல் எனக்கு வேண்டாம். கூட்டத்தில் ஒருவராவது கேள்வி கேட்க வேண்டும். அந்தக் கேள்வியை வைத்துக்கொண்டு நீ என்ன செய்கிறாய் என்று பார்க்கிறேன்."

வீட்டில் விஷயத்தைச் சொன்னதும் காதர் மைதீன் முழக்கோலைக் கீழே வைத்தார்.

"லீவுல கடையில உக்காருவேன்னுதானே பேச்சு?"

"இந்த ஒரு இடம் கிடைச்சா போதும் மாமா. அங்க உள்ள எல்லாச் சாமானையும் தொட்டுப் பார்க்கலாம்."

"கிடைக்கலேன்னா?"

"கடையில உக்காந்துக்கிறேன். மூச்சுவிட மாட்டேன்."

"பார்ப்போம் லா" என்றார் மாமா, வருகிற விடுமுறைக்குக் கடையில் இடம் துடைத்து வைத்துவிட்டவர் போல.

இடம் கொடுத்தது பால்கார அன்னம்மா. எருமை கட்டும் கொட்டகை. ஒருநாள் மட்டும் எருமைகள் வெளியே நிற்கும். அவளுக்கும் இதில் ஒரு காரியம் இருந்தது. சாலையில் டிராம் ஓடத் தொடங்கியதிலிருந்து, மேலே போகும் கம்பி மாட்டின் பாலை உறிஞ்சிவிடுகிறது என்று தெருவில் பேச்சு. பாலில் தண்ணீர் கூடியதை மறைக்க அந்தப் பேச்சைக் கிளப்பியது அன்னம்மாவேதான் என்றும் ஒரு பேச்சு.

ஞாயிற்றுக்கிழமை பிற்பகல். கொட்டகையின் சந்துகளைச் சாக்குத் துணியால் அடைத்து இருட்டாக்கியிருந்தது. பள்ளியிலிருந்து ரிக்‌ஷாவில் மடியில் வைத்துக்கொண்டே வந்த மின்சார இயந்திரத்தை அலீம் மேசைமேல் நிறுத்தினான். அருகருகே இரண்டு கண்ணாடித் தட்டுகள். பிடியைச் சுற்றினால் ஒன்று இப்படியும் மற்றது அப்படியும் சுழலும், மின்சாரம் சேரும், முன்னால் இருக்கும் இரண்டு பித்தளைக் குண்டுகளுக்கு நடுவே நீலப் பொறி தாவும். காலையில் நான்கு முறை சுற்றிப் பார்த்திருந்தான். நான்கு முறையும் தாவியது.

துரையை அழைத்து வரச் சாலை முனைவரை போனான். அந்த இடைவெளிதான் வினை.

நம் ஆட்கள் ஒரு கூட்டம் கூட்டினால் அதைக் கல்யாணமாக்காமல் விடுவார்களா? வாசலிலேயே அன்னம்மா பன்னீர்ச் செம்போடு நின்று வருகிறவர்கள் தலையில் எல்லாம் தெளித்தாள். துரையின் தொப்பிக்கும் கிடைத்தது. அலீம் உள்ளே போய்ப் பார்த்தான். இரண்டு கண்ணாடித் தட்டுகளிலும் வட்டமாகச் சந்தனம், நடுவில் குங்குமம். பித்தளைக் குண்டுகளுக்குத் தனியாகப் பொட்டு. எல்லாவற்றின்மேலும் முத்துமுத்தாகப் பன்னீர்.

"புது மிசினு தம்பி. வெறுமனே ஓட்டக் கூடாது" என்றாள் அன்னம்மா, பெருமையாக.

வாயில் வந்ததை விழுங்கிக்கொண்டு பிடியைச் சுற்றினான். தட்டுகள் சுழன்றன. சந்தனம் மணத்தது. பொறி வரவில்லை. இன்னும் வேகமாகச் சுற்றினான். குங்குமம் தெறித்து அவன் சட்டையில் விழுந்தது.

"டாக்டர் தம்பி, அம்மி அரைக்கிறீங்களா?" என்றார் மருதப்பன் முன்வரிசையிலிருந்து. கொட்டகை சிரித்தது. இரண்டு பேர் எழுந்து வேட்டியைத் தட்டினார்கள். துரை கடிகாரத்தை எடுத்துப் பார்த்தார். மாமா மருமகனைப் பார்க்காமல் கூரையைப் பார்த்தார்.

அலீம் பிடியை விட்டான்.

"யாரும் போகாதீங்க. மிசினு கெட்டுப் போகலை. ஈரம் பட்டிருக்கு. சேர்ற மின்சாரமெல்லாம் ஈரத்து வழியா ஓடிப் போயிடுது. காய வைக்கணும், அவ்வளவுதான். மருதப்பண்ணே, உங்க குமுட்டியில கனல் இருக்கா?"

"இருக்கு. எதுக்கு?"

"சிரிச்சது போதும், எடுத்துட்டு வாங்க. மாமா, உங்க தோள்ல இருக்கிற துண்டைக் கொடுங்க."

"இது பட்டுடா!"

"பட்டுதான் வேணும்."

காதர் மைதீன் துண்டை இறுகப் பிடித்துக்கொண்டார். தெருவே பார்த்துக்கொண்டிருந்தது. கொடுக்காவிட்டால் நாளைக்கு அதுவும் சந்தை வரை போகும். கொடுத்தார். புதுப் பட்டில் சந்தனமும் குங்குமமும் ஏறியபோது அவர் முகம் போன போக்கைப் பார்க்கக் கண் கூசியது. அலீம் ஒவ்வொரு தட்டாகத் துடைத்தான். தட்டார் கொண்டுவந்த கரிச்சட்டியைக் கிட்டே வைக்கவில்லை. கிட்டே வைத்தால் கண்ணாடி விரிசல் விட்டுவிடும். தள்ளி வைத்து, சூடு படுமாறு மெதுவாகத் தட்டுகளைத் திருப்பிக்கொண்டே இருந்தான். வேர்வை மூக்கு நுனியில் சேர்ந்தால் தலையைத் திருப்பிக்கொண்டான். அந்தச் சொட்டும் கண்ணாடியில் விழக் கூடாது. எழுந்த இரண்டு பேரும், இது எங்கே போய் முடிகிறது பார்ப்போம் என்று மறுபடி உட்கார்ந்தார்கள்.

பிறகு பிடியைச் சுற்றினான். ஒரு சுற்று, இரண்டு சுற்று. கர்ரென்று ஓசை வந்தது. டப்!

நீலப் பொறி. அன்னம்மா முருகனைக் கூப்பிட்டாள். பின்வரிசை முன்வரிசைமேல் ஏறியது.

"இன்னும் இருக்கு" என்றான் அலீம். "எல்லாரும் கையைக் கோத்து நில்லுங்க."

அங்கேதான் கொஞ்சம் தயக்கம். இந்தக் கை அந்தக் கையைத் தொடுமா, அந்தக் கை இந்தக் கையைத் தொடுமா என்று அவரவர் கணக்கு. அலீம் காத்திருக்கவில்லை. மாமாவின் கையை இழுத்து மருதப்பனின் கையில் வைத்தான். மருதப்பனின் மறு கையை அன்னம்மாவிடம் கொடுத்தான். துரை தாமே வந்து கோத்துக்கொண்டார். வட்டம் கொட்டகையைச் சுற்றியது. இயந்திரத்தைச் சுற்றி மின்சாரம் ஏற்றி வைத்திருந்த ஒரு கண்ணாடிக் குப்பியை ஒரு முனையில் இருந்தவரிடம் பிடிக்கக் கொடுத்து, மறு முனையில் இருந்தவரை அதன் குமிழைத் தொடச் சொன்னான். பன்னீர் ஈரம் காயாத கைகள் வேறு. கேட்க வேண்டுமா? ஒரே நொடியில் மொத்த வட்டமும் துள்ளியது. மருதப்பன் துள்ளியது தனி உயரம்.

சிரிப்பு, கத்தல், கைதட்டல். துரை முழங்கையைத் தேய்த்துக்கொண்டு அலீமைப் பார்த்தார். கைதட்டல் கணக்கில் சேராது என்பது அவனுக்கு மறக்கவில்லை.

"கேட்க வேண்டியதைக் கேளுங்க" என்றான். தெருவில் இருக்கிற அத்தனை வாயும் அன்றைக்கென்று பூட்டிக்கொண்டது.

துள்ளிய வெட்கம் தீராத மருதப்பன்தான் கடைசியில் முறைத்துக்கொண்டு கேட்டார். "ஈரம் பட்டா பொறி வராதுன்னே. சரி. வானத்துல மின்னல் எப்ப வருது? கொட்டுற மழையிலதானே? அங்க மட்டும் ஈரம் இல்லையா?"

கொட்டகை மறுபடி சிரித்தது, பையன் மாட்டினான் என்று. மேகம், மழை, காற்று என்று ஏதாவது சொல்லிச் சமாளிக்கலாம். கேட்கிறவர்களுக்குத் தெரியவா போகிறது? அப்படிச் சொல்ல அலீமுக்கு நாக்கு எழவில்லை.

"தெரியலைண்ணே" என்றான். "நல்லாக் கேட்டீங்க. எனக்குத் தெரியலை."

கேள்வியை அப்படியே இங்கிலீஷில் துரையிடம் சொன்னான். பதில் தனக்குத் தெரியாது என்பதையும் சேர்த்தே சொன்னான். தமக்கும் முழுசாகத் தெரியாது என்றார் துரை.

"அப்படியானால் விடுமுறைக்கு அந்த அறையை எனக்குக் கொடுங்கள்" என்றான் அலீம். "மழைக்காலமும் வருகிறது."

துரை சிரிக்கவில்லை. தொப்பியைத் தலையில் வைத்தார். "விடுமுறை முதல் நாள் ஏழு மணிக்கு வந்துவிடு. நீ தாமதித்தால் மற்ற இருவரில் ஒருவன் உள்ளே இருப்பான்."

அவர் போனதும் காதர் மைதீன், "என்னடா சொன்னான்?" என்றார். அலீம் சொன்னான். மாமா கறைபட்ட பட்டுத் துண்டை நாலாக மடித்தார்.

"ஏழு மணிக்கா? அப்ப ஆறு மணிக்குக் கடையைத் திறந்து வச்சுட்டுப் போ."

"சரி மாமா."

வேலை வாங்கிக் கொடுத்ததே தன் கேள்விதான் என்று மருதப்பன் அன்று மாலைக்குள் சாலை முழுக்கச் சொல்லி முடித்துவிட்டார். அலீம் மறுக்கவில்லை. கண்ணாடித் தட்டுகளைத் துணியில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு, பள்ளத்தில் விடாமல் பார்த்துப் போகும்படி ரிக்‌ஷாக்காரனிடம் சொல்லிக்கொண்டிருந்தான்.