டெரிக்கின் நிக்கல் காயில் வெடிக்கவில்லை

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். ஒரு வெடிவிபத்தை எழுதும் ஆசையில்தான் இந்தக் கதையைத் தொடங்கினேன். இங்கிலாந்தின் பார்ன்ஸ்லி ஊர்ச் சந்தைத் தெருவில் வேப் (மின்-சிகரெட்) கடை வைத்திருக்கும் ஜானிஸிடம் முதல் வரியை வாசித்துக் காட்டினேன்: "டெரிக்கின் சட்டைப்பையிலிருந்த வேப் கருவி டமாரென்று—"

"நிறுத்து கண்ணு," என்றாள். "என் கடைச் சரக்கு எப்ப வெடிச்சுது? பஞ்சுதான் கருகுச்சு. நடந்தத எழுது. இல்லன்னா இந்தப் பக்கம் தலைகாட்டாத."

ஆகவே நடந்ததை எழுதுகிறேன். (வருத்தத்துடன்.)

2

டெரிக் எங்கள் ஊர் பித்தளை வாத்தியக் குழுவில் கார்னெட் என்னும் சின்ன ஊதுகொம்பு ஊதுகிறவர். பல வருஷம் சிகரெட்டும் ஊதியவர். "இனி உன் மேல அந்த வாடை வந்துச்சு, நான் என் தங்கச்சி வீட்டுக்குப் போயிடுவேன்" என்று மனைவி பெவர்லி சொன்னபிறகுதான் வேப்புக்கு மாறினார்.

அது 2015. வேப்புக்குள் திரவத்தில் ஊறிய பஞ்சைச் சூடாக்கி ஆவி கிளப்பும் கம்பிச்சுருளில், நிக்கல் காயில் புதிதாக வந்திருந்த சமயம். டெரிக் ஒன்று வாங்கினார். ஜானிஸ் சும்மா கொடுத்து அனுப்பவில்லை.

"திருக நல்லா முடுக்கு. காயில் ஆறி, அறைச் சூட்டுக்கு வந்தப்புறம்தான் மின்தடையப் பதிய வைக்கணும். முக்கியமா, வெப்பக் கட்டுப்பாட்டுல வச்சு மட்டும்தான் இழுக்கணும். பழையபடி வாட் முறையில, அதாவது ஒரே பவருல வச்சா அது பாட்டுக்குச் சூடேறிக்கிட்டே போகும், நிறுத்த ஆளிருக்காது. புரியுதா?"

"புரியுது, புரியுது."

(அடிக்குறிப்பு மாதிரி ஒன்று: நிக்கல் சூடேறச் சூடேற அதன் மின்தடையும் ஏறும். அந்த ஏற்றத்தை வைத்துத்தான் கருவி சூட்டைக் கணக்கிடும். வாட் முறையில் அந்தக் கணக்கே கிடையாது. இதைக் கவித்துவமாகச் சொல்லப் பார்த்தேன். முடியவில்லை.)

3

டெரிக்குக்குப் புரியவில்லை. ஒரு மனிதர் இவ்வளவு அசட்டையாக இருப்பாரா என்று எனக்கே சந்தேகம் வந்து ஜானிஸைக் கேட்டேன். "நீ கொறச்சு எழுதியிருக்க," என்றாள்.

ஒத்திகை இடைவேளையில் புதுக் காயிலைப் பூட்டினார். வாட் முறையை மாற்றாமலேயே ஆழமாக ஓர் இழுப்பு. பஞ்சு கருகி, தொண்டை எரிந்தது. அவர் தனியாக ஊத வேண்டிய இடம் வந்தபோது கார்னெட்டிலிருந்து கிளம்பியது ஒரு— (இங்கே உவமையில் ஒரு வாத்து இருந்தது. அடித்துவிட்டேன்.) இருமல்தான் வந்தது.

வீட்டு வாசலிலேயே பெவர்லி அவர் கோட்டை முகர்ந்தாள்.

"என்னய்யா வாடை இது? மறுபடி ஆரம்பிச்சிட்டியா?"

"சத்தியமா இல்ல பெவ். பஞ்சு கருகிடுச்சு."

"பஞ்சாம் பஞ்சு! ரீல் விடறதுக்கும் ஒரு அளவு வேணாம்?"

கட்டில்மேல் பெட்டி திறந்தது. துணிகள் உள்ளே போயின. டெரிக்குக்கு அழுகை முட்டியது. இவள் போய்விடக் கூடாதென்றுதான் சிகரெட்டை விட்டார். இப்போது தொடாத சிகரெட்டுக்காகப் போகிறாள்.

"கடைக்கு வா. ஜானிஸ் சொல்லட்டும். அப்புறம் போ," என்றார்.

4

நானும் அப்போது கடையில் இருந்தேன். ஜானிஸ் கருவியைப் பிரித்துக் கறுத்த பஞ்சை மேசையில் போட்டாள்.

"வாட்டுலதான வச்ச? தலபாடா அடிச்சுச் சொன்னேனே! நிக்கல் செவக்கச் சூடானா வர்ற புகையெல்லாம் நெஞ்சுக்குள்ள போற சமாச்சாரமா? இந்தக் காயில் இனி குப்பைக்கு." பிறகு பஞ்சைப் பெவர்லியிடம் நீட்டினாள். "நீயே மோந்து பாரும்மா. இதுவா சிகரெட்டு?"

பெவர்லி முகர்ந்தாள். முகம் தொங்கிப்போயிற்று.

"மன்னிச்சிடு டெரிக்," என்று கட்டிக்கொண்டாள்.

இது முதல் முடிவு. குடும்பத்தோடு படிக்கலாம். ஆனால் கட்டிக்கொண்டபோது டெரிக்கின் மூக்கு அவள் கழுத்துத் துணியில் அழுந்தியது. சிகரெட்டை விட்டவருக்கு மோப்ப சக்தி நன்றாகத் திரும்பியிருந்தது.

அங்கே அடித்தது பஞ்சு வாடை இல்லை. அசல் சிகரெட் வாடை.

5

இரண்டாவது முடிவில் டெரிக் கத்துகிறார். எழுதிப் பார்த்தேன், அவர் அப்படிப்பட்ட ஆள் இல்லை. மூன்றாவதில், ஒன்றும் சொல்லாமல் வீட்டுக்குப்— அதுவும் இல்லை.

நடந்தது இது. அவளை விடாமலே, தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்து, "ஜானிஸ், இன்னொரு வேப் மெஷின் எடு," என்றார்.

"உன்கிட்டதான் ஒண்ணு இருக்கே. இது யாருக்கு?"

பெவர்லியின் காதுகள் சிவந்தன. அவள்தான் பேசத் தொடங்கினாள். அந்த நேரம் பார்த்து ஜானிஸ் என்னை முறைத்து, வெளியே தள்ளிக் கதவைச் சாத்திவிட்டாள்.

ஆகவே, அடுத்த வரியை நீங்கள் எழுதுங்கள். உங்கள் வீட்டு ஆள் தோளுக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்க்காத நேரமாகப் பார்த்து எழுதுவது நல்லது.

பெவர்லி: "................................"