எட்டுப் பாதங்கள்

பகல் பன்னிரண்டு மணிக்குப் பத்து நிமிடம் இருக்கையில், அவள் அந்த வீட்டின் வாசலில் மண்டியிட்டுப் பெரியவருக்குக் காலணி மாட்டிக்கொண்டிருந்தாள். பெரியவர் என்பது அவளாக வைத்த பெயர். வீட்டார் வைத்திருந்த பெயர் அவள் வாயில் நுழையவில்லை. முப்பத்தைந்து கிலோ எடையும், நரைத்த மோவாயும், எதற்கும் அவசரப்படாத நடையும் உடைய ஒரு பழுப்பு நாயை வேறு எவ்வாறு அழைப்பது? பக்கத்தில் சப்பை மூக்கும் குட்டைக் கால்களுமாக, நின்றபடியே குறட்டை விட்டுக்கொண்டிருந்தவர் சின்னவர்.

"காலைக் குடுங்க. அது இல்ல, இந்தக் கால். மாப்பிள்ளை முறுக்கெல்லாம் என்கிட்ட வேணாம்."

நான்கு காலணிகளையும் அவள் வாளித் தண்ணீரிலிருந்து எடுத்து, சொட்டச் சொட்ட மாட்டினாள். நாய் நடத்துகிறவர்கள் தங்களுக்குள் கண்டுபிடித்து வைத்திருந்த உபாயம் அது. நனைந்த காலணிக்குள் நாயின் பாதம் அரைமணி நேரத்திற்காவது சூடு தெரியாமல் இருக்கும். ஒரு முக்கு முக்கி எடுத்தாலே போதும். இன்று வெயிலின் கடுமையைப் பார்த்துவிட்டு, வந்தவுடனேயே வாளியில் போட்டு, கால்மணி நேரம் ஊறவிட்டிருந்தாள். சின்னவருக்குக் காலணி கிடையாது. வாங்கிக் கொடுத்த மூன்று ஜோடிகளையும் அவர் தின்று தீர்த்திருந்தார்.

வீட்டம்மாள் காதில் ஒலிக்கருவியோடு வெளியே வந்தாள். வீட்டிலிருந்தே அலுவலக வேலை பார்ப்பவள். நண்பகலில் அவளுக்குக் கூட்டம் உண்டு. அந்நேரத்தில் நாய்கள் குரைத்தால் வேலை ஓடாது என்பதனாலேயே நடைக்கு இந்த வேளை குறிக்கப்பட்டிருந்தது.

"இன்னிக்காவது முழுசா போயிட்டு வருவீங்களா? போன வாரம் ரெண்டு நாள் பாலத்தோட திரும்பிட்டீங்க."

"தரை கொதிச்சுதும்மா. பாதம் வெந்துடும்னுதான் திரும்பினேன்."

"அதுக்குத்தானே ஷூ? டாக்டர் ரெண்டு கிலோ குறைக்கச் சொல்லியிருக்காரு. தூரம் குறையக் கூடாது. பாதத்துல ஒரு கீறலும் இருக்கக் கூடாது. வந்ததும் நான் பாப்பேன்."

"சரிங்கம்மா."

பாலத்தோடு திரும்பிய அந்த இரண்டு நாட்களுக்கும் அவள் பெயருக்கு நேரே இரண்டு சிவப்புக் குறிகள் விழுந்திருந்தன. நாய் நடத்த ஆள் அனுப்பும் நிறுவனத்தின் செயலி அவளுடைய கைப்பேசிக்குள் இருந்துகொண்டு, அவள் வைக்கும் ஒவ்வோர் அடியையும் அளந்தது. பாதையின் கோடியிலுள்ள தூரக்கல்லின் அருகே நாய்களை நிறுத்திப் படம் எடுத்து அனுப்பினால்தான் நடை முழுமையானதாகும். மூன்றாவது சிவப்பு விழுந்தால் பெயர் பட்டியலிலிருந்து தானாக நீங்கிவிடும். அவளுடைய கணவன், பெயிண்டர், சாரத்திலிருந்து விழுந்து இடுப்பு முறிந்து கிடந்த இந்த நான்கு மாதங்களில், வீட்டுக்குள் வந்த அரிசி பருப்பு யாவும் இந்த நடையிலிருந்து வந்தவையே.

முன்னொரு காலத்தில் சரக்கு ரயில் ஓடிய தடத்தைப் பெயர்த்துவிட்டு, நகராட்சி அங்கே நடைபாதை அமைத்திருந்தது. முதல் ஒரு கிலோமீட்டர் வரை இருபுறமும் மரங்கள். அவள் இடக்கையில் பெரியவரின் வாரையும் வலக்கையில் சின்னவரின் வாரையும் பிடித்து, மிதிவண்டிகளுக்கு வலப்புறம் வழிவிட்டு, நிழல் விட்டு நிழல் தாவி நடந்தாள். வாரை மணிக்கட்டில் சுற்றிக்கொள்ளக் கூடாது. எதிரே வேறு நாய் வந்தால் பத்தடி முன்னதாகவே ஒதுங்கி நிற்க வேண்டும். பத்து நிமிடத்திற்கு ஒருமுறை தண்ணீர் காட்ட வேண்டும். பயிற்சியில் சொல்லிக்கொடுத்த எதையும் அவள் இதுவரையில் மீறியதில்லை.

பாலத்திற்கு முன்னால் இருந்த கடைசி மரத்தின் அடியில், பாதையைப் பெருக்கும் அக்கா துடைப்பத்தைத் தலைமாட்டில் வைத்துக் காலை நீட்டிப் படுத்திருந்தாள்.

"வாங்க பெரியவரே! ஷூவெல்லாம் போட்டுக்கிட்டு ஆபீசுக்குக் கிளம்பிட்டீங்களா?" என்று அவள் படுத்தபடியே கேட்டாள். "ஏண்டி, இந்த வேகாத வெயில்ல மனுஷன் போவானா?"

"மனுஷன் போகலைக்கா. நான்தான் போறேன்."

"எங்களுக்குப் பாரு, பன்னெண்டுலேருந்து மூணு வரைக்கும் வெயில் ஓய்வுன்னு சட்டமே போட்டுட்டாங்க. இப்ப நான் துடைப்பத்தைத் தொட்டா மேஸ்திரிக்கு அபராதம். உங்களுக்கு அது கிடையாதா?"

"கேட்டேன்க்கா. அது தொழிலாளிங்களுக்காம். நாங்க தொழிலாளி இல்லையாம், நடைத்துணையாம்."

"நல்லா வெச்சான் பேரு!" அக்கா எழுந்து உட்கார்ந்தாள். "பெயிண்டர் எப்படி இருக்காரு?"

"படுத்துக்கிட்டே எங்க வீட்டுச் சுவரைக் குத்தம் சொல்லிட்டிருக்காரு. ரெண்டாவது கோட்டு சரியில்லையாம்."

இருவரும் சிரித்தனர். அவள் குனிந்து, நிழலுக்கு வெளியே தரையில் புறங்கையை வைத்தாள். ஏழு எண்ணும் வரையில் கை தாங்கினால் நாய் நடக்கலாம் என்பது கணக்கு. மூன்று எண்ணுவதற்குள் கையை எடுத்துக்கொண்டாள். பாலத்திற்கு அப்பால் முந்நூறு மீட்டர் தூரம், புதிதாகத் தார் போட்ட பாதை மரமோ மறைப்போ இன்றிக் கறுப்பாய்ப் பளபளத்துக் கிடந்தது.

அவள் நிறுவனத்தின் அலுவலகத்திற்குப் பேசினாள். மறுமுனையில் இருந்தது ஓர் இளம்பெண்.

"அக்கா, தரை சுட்டா நடத்தக் கூடாதுன்னு நாலாவது விதி இருக்கு."

"அப்ப திரும்பிடட்டுமா?"

"திரும்பினா தூரம் குறையும். குறைஞ்சா சிவப்பு. உங்களுக்கு ஏற்கனவே ரெண்டு இருக்குக்கா."

"நாலாவது விதியை நீதானேம்மா இப்ப சொன்னே? அதைச் சொல்லிச் சிவப்பை நிறுத்த முடியாதா?"

"சிவப்பை நான் போடலைக்கா, அது தானா விழுது." குரலைத் தணித்துக்கொண்டு, "எப்படியாவது கல்லு வரைக்கும் போயிட்டு வந்துடுங்க. நான் சொன்னேன்னு சொல்லாதீங்க" என்றாள் அந்தப் பெண்.

"போகாதடி" என்றாள் அக்கா. "உன் காலு கையி ஏதாவது ஆச்சுன்னா? போன மாசம் ஒருத்திக்குக் காலு பிசகிச்சே, என்ன சொன்னாங்க? 'குணமானதும் வாங்க'ன்னாங்க. அவளும் குணமாகித்தான் போனா. எடத்துல வேற ஆளு."

"ஷூ இருக்குக்கா. சின்னவரைத் தூக்கிக்கிறேன். பத்து நிமிஷத்துல வந்துடுவேன்."

சின்னவரை அவள் இடுப்பில் ஏற்றிக்கொண்டாள். பன்னிரண்டு கிலோ. அவருடைய மூச்சுக்காற்று அனல்போல அவள் கழுத்தில் பட்டது. பெரியவர் ஈரக் காலணிகள் 'சதக் சதக்' என்று ஒலிக்கப் பாலத்தைக் கடந்து, புதுத் தாரில் கால் வைத்தார்.

பாதித் தூரம் சென்றிருப்பார்கள். பெரியவர் திடீரென்று நின்று, முன்னங்கால் ஒன்றைத் தூக்கினார். ஊறியிருந்த பசை இளகி, காலணியின் அடிப்பாகம் நாக்கைப் போலத் தொங்கிக்கொண்டிருந்தது. தூக்கிய காலை ஊன்றி மற்றதைத் தூக்கியபோது, அதன் அடியும் தாரில் ஒட்டிக்கொண்டு தனியே நின்றது. அவர் முனகினார். இந்தக் காலை வைப்பதா, அந்தக் காலை வைப்பதா என்று தெரியாமல் மாற்றி மாற்றித் தூக்கினார்.

"ஐயையோ, நில்லுங்க, நில்லுங்க. இருங்க சாமி."

முன்னால் நூற்றைம்பது மீட்டர்; பின்னாலும் ஏறக்குறைய அவ்வளவே. திரும்பினாலும் இந்த நாய் இதே தாரில்தான் நடந்தாக வேண்டும். திரும்பினால் சிவப்பும் விழும். அவள் தன் ரப்பர் செருப்புகளைக் கழற்றினாள். கழிவு அள்ளுவதற்காக வைத்திருந்த பிளாஸ்டிக் பைகளைக் கயிறாய் முறுக்கி, சின்னவரைத் தொடைகளின் நடுவே இடுக்கிக்கொண்டு, பெரியவரின் முன்பாதங்கள் ஒவ்வொன்றின் அடியிலும் ஒரு செருப்பை வைத்து வரிந்து கட்டினாள். அதுவரையில் அவள் முழங்கால்களும் கால்விரல்களும் தரையில் இருந்தன. எழுந்து நின்றபோதுதான் உள்ளங்கால் முழுவதும் தாரில் பதிந்தது.

பாதையின் ஓரத்தில் கையகலத்தில் ஒரு வெள்ளைக்கோடு ஓடியது. வெள்ளையில் சூடு சற்றுக் குறைவு. அவள் அதன் மேலேயே ஓர் அடிக்கு முன் ஓர் அடி வைத்து, கயிற்றின்மேல் நடப்பவளைப்போல நடந்தாள். பெரியவர் செருப்புகளை வீசி வீசிப் போட்டுக்கொண்டு பக்கத்திலேயே வந்தார். முதலில் எரிச்சலாக இருந்தது. பிறகு ஊசி ஊசியாய் ஏறியது. அதன் பின்னர், கால்களுக்குக் கீழே ஏதோ வழுக்குவதைப்போல இருந்ததேயன்றி, எரிச்சல் தனியே தெரியவில்லை. "இதோ கல்லு தெரியுது பாருங்க, இதோ வந்துடுச்சு" என்று அவள் நாய்களிடம் சொல்லிக்கொண்டே போனாள்.

கல்லருகே சின்னவரை அதன் வெள்ளையடித்த பீடத்தின் மேல் நிறுத்தி, பெரியவரைப் பக்கத்தில் நிறுத்தினாள். கைப்பேசியை எடுக்கையில் மிதிவண்டி ஒன்று வந்து நின்றது. தலைக்கவசமும் கறுப்புக் கண்ணாடியும் அணிந்த ஓர் இளைஞன்.

"அட, நாய்க்குச் செருப்பா! என்னங்க இது, இவ்வளவு அழகா இருக்கு! ஒரு வீடியோ எடுத்துக்கட்டுமா?"

"சீக்கிரம் எடுத்துக்குங்க தம்பி, தரை சுடுது."

"பாவம், சுடும்தான்." அவன் தன் தண்ணீர்ப் புட்டியைத் திறந்து, உள்ளங்கையில் ஊற்றிப் பெரியவருக்குக் குடிக்கக் கொடுத்தான். சின்னவரின் தலையை நனைத்து விட்டான். "உங்க நிழல் விழுதுங்க. கொஞ்சம் அந்தப் பக்கம் தள்ளி நில்லுங்களேன்."

அவள் வெள்ளைக்கோட்டிலிருந்து இறங்கி, தாரில் தள்ளி நின்றாள். அவன் உட்கார்ந்தும், எழுந்தும், மீண்டும் ஒருமுறை உட்கார்ந்தும் எடுத்தான். "என்ன வயசு? என்ன ஜாதி நாய்? கால் நல்லாருக்குல்ல?" என்று அக்கறையாகவே விசாரித்தான். "நாய்ங்க மேல உங்களுக்கு நிஜமாவே பாசம்ங்க" என்று சொல்லிவிட்டுப் போனான்.

அவளுடைய படம் ஏறுவதற்கு மேலும் ஒரு நிமிடம் ஆயிற்று. பச்சைக் குறி விழுந்தது.

மரத்தடிக்குத் திரும்பியதும், அக்கா தன் குடிநீரை அவள் கால்களில் ஊற்றினாள். ஊற்றிவிட்டுக் குனிந்து பார்த்தாள்.

"அடிப்பாவி. குதிகால் தோலு தனியா வருதேடி. ஆஸ்பத்திரிக்குப் போ."

"போறேன்க்கா. இவங்களை விட்டுட்டுப் போறேன்."

"யாருகிட்டயாவது சொல்லு."

"சொன்னா, குணமானதும் வாங்கம்பாங்க."

பெரியவரின் கால்களிலிருந்து அவிழ்த்த செருப்புகளில், விரல்களை மட்டும் நுழைத்துக்கொண்டு அவள் மீதித் தூரத்தை நடந்தாள். வழக்கம்போல் அவற்றை வாயிற்கதவுக்கு வெளியே கழற்றி வைத்தாள். அந்த வீட்டில் வேலைக்கு வருகிறவர்களின் செருப்பு கதவைத் தாண்டி உள்ளே வரலாகாது. உள்ளே பளிங்குத் தரை குளிர்ந்திருந்தது. அதில் பாதம் பட்டதும் அவள் தன்னை மறந்து ஒரு கணம் கண்ணை மூடிக்கொண்டாள்.

"முன்னங்கால் ஷூ ரெண்டும் அடி விட்டுப் போச்சும்மா" என்றாள்.

வீட்டம்மாள் காதிலிருந்த கருவியை வெடுக்கென்று எடுத்தாள். "அப்படின்னா? வெறுங்காலோடயா நடத்தினீங்க?"

"இல்லம்மா. மாத்துக் குடுத்துத்தான் நடத்தினேன்."

வீட்டம்மாளின் பார்வை தரையில் விழுந்தது. வாசலிலிருந்து கூடம் வரையில், பளிங்கின் மேல் வட்டம் வட்டமாக ஈரத் திட்டுகள். அவற்றின் ஓரம் இளஞ்சிவப்பாக இருந்தது.

"ஐயோ, இது என்ன? ரத்தமா? கடவுளே!"

வீட்டம்மாள் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். பெரியவரின் காலணிகளை உருவி எறிந்துவிட்டு, பாதங்களை ஒவ்வொன்றாகத் தூக்கி, விரல்களின் இடுக்குகளைப் பிரித்துப் பார்த்தாள். விளக்கைப் போடச் சொன்னாள். சின்னவரை மடியில் மல்லாக்கப் போட்டு, கறுத்த சதைத் திண்டுகளை ஒன்றன்பின் ஒன்றாகத் தடவினாள், ஊதினாள், கன்னத்தில் வைத்துச் சூடு பார்த்தாள். அவளுடைய கண்கள் கலங்கியிருந்தன. நாய்களைக் கூட்டி வந்தவள் தன் ஒரு பாதத்தை மற்றொன்றின் பின்னால் மறைத்துக்கொண்டு, சுவரைப் பிடித்தபடி நின்றாள்.

"ஆறு... ஏழு... எட்டு. அப்பாடா. ஒண்ணுமில்ல. எல்லாம் நல்லாருக்கு." வீட்டம்மாள் பெருமூச்சு விட்டாள். "அப்ப இது எங்கேருந்து வந்துது?"

"தெரியலம்மா. வழியில எதையாவது மிதிச்சிருக்கும்."

கைப்பேசி ஒலித்தது. இன்றைய நடை முழுமை பெற்றதாகவும், நாளை முதல் பன்னிரண்டு மணி நடைகள் யாவும் அவளுக்கே ஒதுக்கப்பட்டுள்ளதாகவும், இனி நாய்கள் மூன்று என்றும் திரையில் எழுதியிருந்தது.

"நல்லவேளை, நீங்க கவனமா இருந்தீங்க" என்று வீட்டம்மாள் மனமாரச் சொன்னாள். மறுபடியும் கருவியைக் காதில் மாட்டிக்கொண்டு, சின்னவரை அணைத்தபடி எழுந்தாள். "புது ஷூ இன்னிக்கே சொல்லிடறேன். போறதுக்கு முன்னாடி இதை மட்டும் துடைச்சுட்டுப் போயிடுங்க. காஞ்சா கறை போகாது."

அவள் துணியை நனைத்துப் பிழிந்து, கூடத்தின் உட்கோடியில் குந்தி உட்கார்ந்தாள். முதல் திட்டைத் துடைத்தாள். பின்வாட்டில் ஓர் அடி நகர்ந்தாள். அவள் குந்தியிருந்த இடத்தில், துடைத்ததற்கு இப்பால், புதிதாக இரண்டு விழுந்திருந்தன. அவற்றையும் துடைத்துவிட்டு, வாசலை நோக்கி அடுத்த அடி நகர்ந்தாள்.