சம்பந்தி ஓட்டிய விமானம்

கேப்டனின் மகளும் தலைமைப் பணிப்பெண்ணின் மகனும் வீட்டில் யாரிடமும் மூச்சுவிடாமல் பதிவுத் திருமணம் செய்துகொண்ட நாளிலிருந்து, பெற்றவர்கள் இருவருக்கும் பேச்சுவார்த்தை இல்லை. "உங்க பொண்ணுதான் என் பையனை மயக்கிட்டா" என்று அவள் சொல்லப்போக, "மயங்கறதைத் தவிர உங்க பையனுக்கு வேற என்ன தெரியும்" என்று அவர் கேட்கப்போக, அத்தோடு முறிந்தது. இதெல்லாம் தெரியாத அலுவலகம் அன்று காலை இருவரையும் ஒரே விமானத்தில் போட்டுவிட்டது.

நடுவில் மாட்டிக்கொண்டவர் துணை விமானி.

"கேப்டனுக்குக் காபி வேணுமான்னு கேளுங்க" என்றாள் அவள்.

கைக்கெட்டும் தூரத்தில் உட்கார்ந்திருந்த கேப்டன் ஜன்னலைப் பார்த்தபடி, "சர்க்கரை இல்லாம வேணும்னு சொல்லுங்க" என்றார்.

அவள் சர்க்கரை போட்டே கொண்டு வந்தாள்.

அதில் பாதி குடிப்பதற்குள் விமானி அறையின் விளக்குகள் ஒவ்வொன்றாக அணைந்தன. ரேடியோ ஊமையானது. பேட்டரியும் கைவிட்டது. எஞ்சின்கள் மட்டும் தங்களுக்கு இதில் சம்பந்தமே இல்லை என்பதுபோல ஓடிக்கொண்டிருந்தன. நல்லவேளையாக அது பழைய விமானம். கேப்டன் கைப்பிடியைத் திருப்பினால் இரும்பு வடங்கள் இழுத்து வாலும் இறக்கையும் சொன்னபடி கேட்டன. மின்சாரம் இல்லாமலே வேகத்தையும் உயரத்தையும் காட்டும் முள்கள் இருந்தன. ஒரு திசைகாட்டியும் இருந்தது.

இன்டர்காம் செத்துப்போனதால் அவள் கதவைத் திறந்துகொண்டு வந்தாள். இந்தத் தடவை அவரிடமே கேட்டாள்.

"என்ன ஆச்சு?"

"கரண்ட் போச்சு. மொத்தமா." வீட்டில் ஃபியூஸ் போனதுபோலச் சொன்னார். "ஆனா ஓட்ட முடியுது. வானமும் தெளிவா இருக்கு. கீழே ஆத்தைப் பிடிச்சுக்கிட்டே கிளம்பின ஊருக்குத் திரும்பிடறேன். நீங்க ஜனங்களைப் பாத்துக்குங்க."

மைக்கும் வேலை செய்யவில்லை. அவள் வரிசை வரிசையாகக் குனிந்து விஷயத்தைச் சொல்லிக்கொண்டே போனாள். அதுவரை ஏசி வரவில்லை என்று சண்டை பிடித்துக்கொண்டிருந்த ஒரு தடித்த மனிதர், சட்டென்று குரலைத் தாழ்த்தினார்.

"உண்மையைச் சொல்லுங்கம்மா. கேப்டன் கெட்டிக்காரரா?"

"அவர் என் சம்பந்திங்க" என்றாள். அந்த வார்த்தை அவள் வாயிலிருந்து வந்தது அதுதான் முதல் தடவை. "குணம் கொஞ்சம் முன்னேபின்னே இருக்கும். ஓட்டறதுல மட்டும் யாரும் குறை சொல்ல முடியாது."

ஊர் தெரிந்ததும் துணை விமானி அவசரத்துக்கென்று இருந்த ஒரு கைப்பிடியை இழுத்துச் சக்கரங்களை விழவிட்டார். அவை சரியாகப் பூட்டிக்கொண்டனவா என்று காட்டும் விளக்குதான் எரியவில்லை. கேப்டன் அவளைக் கூப்பிட்டார்.

"நடைவழியில கம்பளத்துக்கு அடியில ஒரு சின்னக் கண்ணாடி இருக்கு. அது வழியா பாத்தா ரெண்டு சக்கரத்துலயும் சிவப்புக் கோடு தெரியும். கோடெல்லாம் நேரா இருக்கணும்."

ஏசிக்காரர் கம்பளத்தைச் சுருட்டித் தர, அவள் தரையில் குப்புறப் படுத்துக் கண்ணை வைத்தாள். எழுந்து ஓடினாள்.

"இடது பக்கம் சரியா இருக்கு. வலது பக்கம் கோணல்."

"எவ்வளவு கோணல்?"

"உங்க மாப்பிள்ளை எடுக்கற வகிடு மாதிரி."

"அவ்வளவு மோசமா?" என்றவர் சிரித்தேவிட்டார். "எல்லாரையும் கெட்டியா பிடிச்சுக்கச் சொல்லுங்க."

விமானத்தைத் தாழ்த்தி, வெடுக்கென்று மேலே தூக்கினார். காலுக்கடியில் ஏதோ டொக்கென்று பூட்டிக்கொள்ளும் சத்தம் கேட்டது. அவள் மறுபடி படுத்துப் பார்த்துவிட்டு, அங்கிருந்தே கத்தினாள்:

"நேராயிடுச்சு சம்பந்தி."

கட்டுப்பாட்டுக் கோபுரத்தின் பக்கமாக ஒரு சுற்று தாழப் பறந்தார்கள். வாய்பேசாத விமானத்தைப் புரிந்துகொண்டு, அங்கிருந்து யாரோ பச்சை விளக்கைக் காட்டினார்கள். வேகத்தைக் குறைக்கும் இறக்கை மடல்கள் இறங்காததால் ஓட்டமாக வந்து தரையைத் தொட்டார்கள். இரண்டு டயர்கள் வெடித்தன. ஓடுபாதை தீரப்போகும் இடத்தில் விமானம் நின்றது. ஏசிக்காரர்தான் முதலில் கைதட்டினார்.

கடைசியாக இறங்கிய கேப்டன், புல்லில் செருப்பைக் கழற்றிப் போட்டு உட்கார்ந்திருந்த அவள் பக்கத்தில் தொப்பென்று உட்கார்ந்தார். அவள் மகனுக்குப் போன் செய்தாள்.

"உன் மாமனார்கூட இருக்கேன்டா."

"ஐயோ, சண்டையாம்மா?"

"இல்லடா. ஒரு வேலை இருந்துச்சு, சேர்ந்து முடிச்சோம். வீட்டுக்கு வந்து சொல்றேன்."

"என் பொண்ணு பக்கத்துல இருந்தா குடுக்கச் சொல்லுங்க" என்று கேப்டன் கையை நீட்டினார். தீயணைப்பு வண்டியின் சத்தத்தில் மகள் பேசியது ஒன்றும் கேட்கவில்லை. போனைக் காதில் அழுத்திக்கொண்டு, சரிம்மா, சரிம்மா என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தார்.