படியில் தெளித்த மஞ்சள் தண்ணீர்

நித்தியானந்தனுக்குக் குளிர்காலத்தோடு தனிப்பட்ட பகை. ஜெர்மனியின் வுப்பர்டால் நகரில் மற்றவர்கள் இலை நிறம் மாறுவதைப் பார்த்து ரசிக்கும் நேரத்தில், இவர் குனிந்து கார் டயரைத் தடவிப் பார்த்துக்கொண்டிருப்பார். ஒக்டோபரில் மாற்ற வேண்டிய குளிர்கால டயரைச் செப்டெம்பரிலேயே மாற்றிவிட்டு, அரைக்கைச் சட்டையோடு பெருமையாகக் காரோட்டித் திரிவார்.

இந்த வருடம் அந்தப் பகைக்குப் பதவியும் கிடைத்துவிட்டது. அவர் வேலை செய்யும் பொதிக் கிடங்கில் அவரைப் பாதுகாப்புப் பொறுப்பாளராக நியமித்தார்கள். ஜெர்மன் மொழியில் அந்தப் பதவியின் பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் ஒருவர் வழுக்கி விழுந்து எழும்பியும் விடலாம். மனைவி கலாதேவி அதை "உங்கடை அந்த நீளமான வேலை" என்றுதான் சொல்லுவார்.

பதவியோடு ஒரு சங்கடமும் வந்தது. டிசம்பரில் ஒரு வெள்ளிக்கிழமை, வேலை தொடங்குமுன், எல்லாருக்கும் முன்னால் நின்று அவர் பேச வேண்டும். பனியில் எப்படி நடப்பது, எப்படிக் கார் ஓட்டுவது, வீட்டு வாசலை எப்படி வைத்திருப்பது என்று, அதுவும் ஜெர்மனில். இத்தனை வருடமும் "யா, யா" என்றே வேலையிடத்தைச் சமாளித்த மனிதர். வீட்டில் வாய் ஓயாது, வெளியே பூட்டு. எப்போதோ ஒரு கூட்டத்தில் ஒரு சொல்லைப் பிழையாகச் சொல்லப்போய் எல்லாரும் சிரித்ததில் விழுந்த பூட்டு அது. மறுபடியும் சிரித்துவிடுவார்களோ என்று உள்ளுக்குள் நடுங்கிக்கொண்டிருந்தார்.

வீட்டில் கலாதேவிதான் சபை. கரண்டியும் கையுமாக நின்று கேட்பார்.

"முகத்தை ஏன் கோயில் தலைவர் மாதிரி வைச்சிருக்கிறியள்? கொஞ்சம் சிரிச்சுப் பேசுங்கோ."

"விழுந்து கையைக் காலை முறிக்கிறதைப் பற்றிச் சிரிச்சுக்கொண்டோ பேசுறது?"

ஒருவழியாக எல்லாவற்றையும் பாடமாக்கினார். வியாழன் மாலை, பனியில் வழுக்காமலிருக்க வாசற்படிகளில் மறக்காமல் பொடிக்கல் தூவிவிட்டுப் படுத்தார்.

விடிய முதல் எழும்பியது கலாதேவி. பிள்ளைகளின் பரீட்சை, மகளின் கலியாணம் என்று வீட்டில் எந்த நல்ல காரியத்துக்கும் வாசலைக் கூட்டி மஞ்சள் தண்ணீர் தெளிப்பது அவர் வழக்கம். அந்தக் காரியங்கள் எல்லாம் தற்செயலாகக் கோடையிலேயே வந்திருந்தன. குளிர்காலத்தில் வந்த முதல் நல்ல காரியம் கணவரின் பேச்சுத்தான். கதவைத் திறந்தால் படியெல்லாம் ஒரே கல்லுக் குப்பை. மனிசன் நல்லதுக்குப் போகிற வாசலா இது என்று முணுமுணுத்தபடி நன்றாகக் கூட்டி ஒதுக்கினார். பிறகு செம்பு நிறைய மஞ்சள் தண்ணீர் கொண்டுவந்து, ஒரு படியும் விடாமல் தெளித்தார். வெளியே குளிர் பூச்சியத்துக்கும் கீழே போயிருந்தது.

கல்லுப் போட்ட படி என்ற நம்பிக்கையில் நித்தியானந்தன் காலை வைத்தார். மிச்சப் படிகளைப் பின்புறத்தாலேயே இறங்கி முடித்தார். வழுக்காமலிருக்கச் சப்பாத்தின் அடியில் மாட்டும் ஆணிப்பட்டி கைப்பையில் பத்திரமாக இருந்தது, மற்றவர்களுக்குக் காட்டுவதற்காக.

"கல்லுப் போட்டனான், எங்கை கல்லு?"

"கூட்டிப்போட்டன்."

"இது என்ன மஞ்சளா மினுங்குது?"

"நல்ல காரியமெண்டு தெளிச்சனான், அப்பா..." கலாதேவிக்கு அழுகை வந்துவிட்டது. கணவரின் மணிக்கட்டு கண்ணுக்கு முன்னாலேயே வீங்கிக்கொண்டிருந்தது. "இண்டைக்குப் போகாதேங்கோ. டொக்டரிட்டைப் போவம்."

"பேசிப்போட்டுப் போவம். இண்டைக்கு விட்டா நான் இனி வாய் திறக்கமாட்டன்." எழும்பி நின்றவர் திகைத்துப்போய்ச் சொன்னார். "ஆனா பாடமாக்கினது ஒண்டும் வருதில்லை, கலா."

தன் சால்வையால் அவருடைய கையைக் கட்டிவிட்டு, கலாதேவியே காரை ஓட்டினார். மலைத் தெருவில் டயர் கொஞ்சமும் வழுக்கவில்லை. நித்தியானந்தன் அந்தப் பெருமையைக்கூட மறந்து, பாடமாக்கியதை மனதுக்குள் தேடிக்கொண்டிருந்தார்.

அவர் கிடங்குக்குள் போன பிறகு, கலாதேவி காருக்குள் இருந்து தன்னைத்தானே திட்டித் தீர்த்தார். அவருக்குத் தைரியம் வரட்டும் என்று செய்தது, கையையும் கெடுத்துப் பேச்சையும் கெடுத்துவிட்டதே என்று நெஞ்சு கனத்தது. அப்போது கிடங்கின் பக்கமிருந்து பெரிய சிரிப்புச் சத்தம் கேட்டது.

கனநேரம் கழித்து நித்தியானந்தன் வந்து காரில் ஏறினார்.

"சிரிச்சவங்களோ?"

"ஓம். நல்லாச் சிரிச்சாங்கள்."

கலாதேவி முகத்தைப் பொத்திக்கொண்டார்.

"கையிலை கட்டினதைக் காட்டி, எங்கடை வீட்டு வாசலிலைதான் விழுந்தனான் எண்டு சொன்னன். சிரிச்சு முடியுமட்டும் பாத்துக்கொண்டு நிண்டன். பிறகு பேசினன். பாடமாக்கினது வரேல்லை, வாயிலை வந்த ஜெர்மனிலை பேசினன். பிழையெல்லாம் விட்டன். கேட்டுக்கொண்டு இருந்தாங்கள்."

"நான் தண்ணி தெளிச்சதையும் சொன்னியளோ?"

"பின்னை? ஏன் படி நனைஞ்சது எண்டு கேட்டாங்கள்." அவர் கட்டுப்போட்ட கையை மெல்ல மடியில் வைத்தார். "நான் பயப்பிடுவன் எண்டு தெரிஞ்சு, எனக்காக என்ரை மனுசி விடிய எழும்பித் தெளிச்சவ எண்டு சொன்னன். அதுக்கு ஒருத்தரும் சிரிக்கேல்லை."