மேல்மாடி ஜன்னல்

ஞாயிறு ஆராதனை முடிந்த கையோடு, தலைத் தொப்பியைக்கூடக் கழற்றாமல், ஒர்டெல்லா தன் தம்பி நெவிலை மேக்கன் தெருவுக்கு இழுத்துக்கொண்டு வந்துவிட்டாள். அவள் விற்ற பழுப்புக்கல் வீடு அங்கேதான் இருந்தது. வாங்கியவன் உள்ளே புதுப்பித்து, மேலொன்று கீழொன்றாக இரண்டு அடுக்கு வீடுகளாகப் பிரித்திருந்தான். அவற்றை விற்பதற்காக இன்றைக்குத் திறந்து வைத்திருந்தார்கள்; யார் வேண்டுமானாலும் உள்ளே போய்ப் பார்க்கலாம்.

அவளுக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான். இன்று அவள் மகன் கிளைடின் பிறந்தநாள். அவன் இருந்த மேல்மாடி அறையில், தெருவைப் பார்த்த ஜன்னலோரம் சற்று நேரம் உட்கார வேண்டும். இரத்த நோயில் படுத்த பிள்ளை, கடைசி வருடத்தை அந்த ஜன்னலோரக் கட்டிலில்தான் கழித்தான், போவோர் வருவோரையெல்லாம் வம்புக்கு இழுத்துக்கொண்டு. அங்கேயே ஒருநாள் கண்ணை மூடினான்.

"வீடு வாங்க வந்த மகராணி மாதிரி நட அக்கா. உள்ள போய் அழுது வைக்காத, தொரத்திடுவானுங்க."

"ஒன் வாய மூடிட்டு கையக் குடுடா. முட்டி உயிர எடுக்குது."

அந்த முழங்கால்தான் வீட்டையே விற்க வைத்தது. அப்போதும் அவள் கலங்கவில்லை. தெருவைப் பாரம்பரியத் தெருவாக அறிவிக்கச் சொல்லி, வீடு வீடாக ஏறி இறங்கிக் கையெழுத்து வாங்கியவளே அவள்தானே! "எவன் வாங்கினா என்ன? சட்டம் இருக்கு. ஒரு கல்லத் தொட முடியாது" என்று ஊரெல்லாம் சொல்லிவிட்டுத்தான் சாவியைக் கொடுத்தாள்.

வாசலில் எல்லாம் அப்படியே இருந்தது. கல்படிகள், இரும்புக் கைப்பிடி, கனத்த கதவு. "பாத்தியா, நான் சொல்லல?" என்று பெருமையாகத் தம்பியைப் பார்த்தாள்.

உள்ளே வெள்ளை வெளேரென்று சுவர். மேல்வீட்டைக் காட்ட நின்ற இளம்பெண் சிரித்த முகமாக அழைத்துப் போனாள். சாப்பாட்டு மேசை போட்ட கூடத்துக்கு வந்ததும், ஒர்டெல்லா அடுத்த மாடிக்குப் படியைத் தேடினாள்.

"முன்பக்க ரூமுக்கு எப்படிம்மா போறது?"

"முன்பக்கம் ரூம் இல்லையே மேடம். அந்தத் தளத்த எடுத்துட்டோம். கூடம் நல்லா உசரமா இருக்கட்டும்னு. அண்ணாந்து பாருங்களேன்."

பார்த்தாள். மேசைக்கு மேலே, எங்கோ உயரத்தில், கிளைடின் ஜன்னல் தனியாகச் சுவரில் நின்றது. அதே வளைவு, அதே மரச்சட்டம். கீழே தரை இல்லை.

"சட்டம் இருக்கேம்மா... இது பாரம்பரிய வீடாச்சே..."

"அது தெருவுல இருந்து தெரியற பக்கத்துக்கு மட்டுந்தான் மேடம். ஜன்னலத் தொடக் கூடாது, தொடல. உள்ள என்ன வேணும்னாலும் பண்ணிக்கலாம்."

அடப் பாவமே! இத்தனை கையெழுத்து வாங்கினாளே, இதை ஒருத்தராவது கேட்டார்களா? வெளிச்சுவர் நின்றால் வீடும் நிற்கும் என்று அந்தத் தெருவே நம்பியது.

"நெவில், எம்புள்ள செத்த எடத்துல தரையே இல்லடா. நான் எங்கடா போய் உக்காருவேன்?"

எதற்கும் ஒரு கிண்டல் வைத்திருக்கும் நெவில், அக்காவின் முதுகைத் தடவிக்கொண்டு நின்றான். அந்தப் பெண் பதறிப்போய்த் தண்ணீர் எடுக்க ஓடினாள்.

அந்த நேரம் பார்த்து ஒரு இளம் தம்பதி உள்ளே வந்தார்கள். மனைவிக்கு மாசம் ஏழு, எட்டு இருக்கும். அண்ணாந்து பார்த்தவள் புருஷன் கையைப் பிடித்தாள்.

"அடேயப்பா, எவ்வளவு வெளிச்சம்!"

ஒர்டெல்லா கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"காலையில வந்து பாரும்மா" என்றாள். "கட்டில் முழுக்க வெயில் விழும்."